பந்தயத்துக்குப் போகும் வழி

அமெச்சூர் சைக்கிள் பந்தயங்கள் சூழலைக் கெடுக்கின்றன என்று சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். புகை விடாத, சத்தம் போடாத, அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெயைத் தவிர வேறெதுவும் கேட்காத ஒரு யந்திரத்தை, கூலி வாங்காமல், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிலர் ஓட்டிப் பார்ப்பதில் என்ன கேடு வந்துவிட முடியும்? கேள்வி நியாயமானது. ஆனால் கேடு யந்திரத்தில் இல்லை. அதைப் பந்தயம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் மலையேறும் பந்தயங்கள் நடக்கும். 1887-ல் தொடங்கிய காட்ஃபோர்ட் சங்கத்தின் பந்தயம் அவற்றில் மிகப் பழையது. கென்ட் பகுதியில் யார்க்ஸ் ஹில் என்று செங்குத்தான ஒரு குறுகிய சாலை. நல்ல ஓட்டக்காரன் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று முன்போ பின்போ உச்சியை அடைந்துவிடுவான். இந்த இரண்டு நிமிஷத்துக்காக, காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஒருவன் இரண்டு மணி நேரம் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்று அவன் செய்த காரியம் எது, சைக்கிள் ஓட்டியதா, கார் ஓட்டியதா?

பரிகாரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முதுகில் குத்தும் நம்பர் அட்டையைத் திரும்ப வாங்கி அடுத்த வாரமும் கொடுக்கலாம். காகிதக் கோப்பையை நிறுத்தி அவரவர் தம்ளரைக் கொண்டுவரச் சொல்லலாம். சக்திக் கூழ் அடைத்த உறைகளைச் சாலையில் எறியாமல் சட்டையின் பின்பையில் திரும்பக் கொண்டுவரலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பந்தயத்தைத் தொடங்கி, முதல் ரயில் வந்து சேரும் நேரத்தையொட்டித் தொடக்க நேரத்தை வைக்கலாம். முடியாதென்றால் நாலு பேர் ஒரு காரில் வரலாம். இவையெல்லாம் செய்யப்பட வேண்டியவை. செய்வதற்கு ஒரு செயலாளரும் ஒரு சுற்றறிக்கையும் போதும், கட்டுரை தேவையில்லை. கட்டுரை தேவைப்படுவது வேறொரு இடத்தில். யாரும் கட்டாயப்படுத்தாமல், யாருக்கும் பயன் என்று சொல்லிக்கொள்ளாமல், வெறும் ஆசைக்காகச் செய்கிற ஒன்றிடம் அதன் செலவுக்குக் கணக்குக் கேட்கலாமா? கேட்டால், எது செலவு, எது விளையாட்டு என்று எங்கே கோடு போடுவது?

'அமெச்சூர்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். லத்தீனில் நேசிப்பவன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு வேறு அர்த்தம் ஏறியது. 1879-ல் ஹென்லி படகுப் பந்தயக்காரர்கள் எழுதிவைத்த விதிப்படி, கூலிக்கு உழைக்கும் கைவினைஞனோ தொழிலாளியோ அமெச்சூராக இருக்க முடியாது. படகைத் தொடாமல் செங்கல் சுமந்து கூலி வாங்கினாலும் சரி, அவன் அசுத்தன். பணம் தீட்டு, உழைப்பு தீட்டு. இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. நம் வீட்டு வாசல்களில் இதைவிடக் கடுமையாக அமலில் இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. சிறுபத்திரிகை எழுத்தாளர்களாகிய நம்மிடமும் இதன் ஒரு சாயல் உண்டு. பணம் வாங்காமல் எழுதுவதையே எழுத்தின் தகுதியாக நினைத்துக்கொள்கிற கர்வம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், சூழலைப் பற்றிய இன்றைய பேச்சிலும் அதே சுத்தத்தின் வாசனை எனக்கு அடிக்கிறது. பணம் இருந்த இடத்தில் புகை வந்திருக்கிறது. 'நான் சுத்தமானவன், அவன் காரில் வந்தவன்' என்று சொல்ல வைக்கிற ஓர் ஒழுக்கம் பழைய ஹென்லி விதியின் மறு அவதாரமாகிவிடும் சாத்தியம் இருக்கிறது.

ஆகவே ஆளை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்க விரும்புகிறேன். ஆங்கிலேய டைம் ட்ரயலின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். 1894-ல் பந்தயக்காரர்கள் சிலர் ஒரு குதிரை வண்டியைக் கலவரப்படுத்தியதில் சாலைப் பந்தயத்துக்கே ஆபத்து வந்தது. சாலையில் கூட்டமாக ஓடக் கூடாது என்று சைக்கிள் சங்கங்களின் தலைமை தீர்மானித்தது. எஃப். டி. பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக, நிமிஷ இடைவெளியில், தனியாகக் கடிகாரத்தோடு ஓடுவது. 1895 அக்டோபரில் அப்படி முதல் பந்தயம் நடந்தது. விடியற்காலையில், ஊர் விழிக்கும் முன், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடையில் ஓடினார்கள். பாதைகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, சங்கேதக் குறிகள்தான். விளையாட்டு என்பதைவிடத் தலைமறைவு இயக்கம் என்று சொல்லத் தோன்றும்.

அந்த நாட்களில் பந்தயக்காரன் பந்தயத்துக்குப் போனது தன் சைக்கிளில்தான். பந்தயத்துக்கென்று வைத்திருந்த லேசான சக்கரங்கள் இரண்டையும் முன் அச்சில் மாட்டிய சின்னத் தாங்கிகளில் நிறுத்தி, ஹாண்டில்பாரில் வாரால் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை மாலையே கிளம்புவான். எங்காவது ஒரு வீட்டில் இரவு படுக்கை. விடியலில் சக்கரத்தை மாற்றி, மட்கார்டைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, பந்தயம் ஓடி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வீடு திரும்புவான். திங்கட்கிழமை தொழிற்சாலை. இந்த ஆள் சூழலியல்வாதி அல்ல. அந்தச் சொல்லையே கேட்டிருக்கமாட்டான். அவனிடம் கார் இல்லை, அவ்வளவுதான். ஏழ்மையைத் தர்மமாக்கி நான் அவனைப் புகழப் போவதில்லை. ஆனால் பந்தயம் என்ற அனுபவத்துக்கு எல்லை எங்கே என்று அவனைக் கேட்டிருந்தால், தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை என்று சொல்லியிருப்பானா என்பது சந்தேகம்.

பிறகு அவனுக்கும் கார் வந்தது. வந்தவுடன், சைக்கிளில் போவது களைப்பு என்று ஆயிற்று. அதுவரை போவதும் ஓடுவதும் ஒரே வாரக்கடைசியின் பகுதிகள். இப்போது ஓடுவது மட்டுமே காரியம், போவது அதற்கு இடைஞ்சல். 'எனர்ஜி அண்ட் ஈக்விட்டி' என்று 1974-ல் ஆங்கிலத்தில் வந்த சிறு நூலில் இவான் இலிச் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கன் காரில் உட்காரும் நேரத்தோடு அந்தக் காருக்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் சேர்த்தால் வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதில் அவன் கடப்பது 7,500 மைல், ஆக மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. அதே மாதிரிக் கணக்கை நம் பந்தயக்காரனுக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறான். போக இரண்டு, வர இரண்டு மணி நேரம் கார். ஐந்து மணி நேரத்தில் 40 கிலோமீட்டர்ப் பந்தயம், மணிக்கு 8. வேகமான நடையைவிட மூன்றோ இரண்டோ கிலோமீட்டர் கூடுதல். கார் கடந்த தூரத்தையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்பவருக்குப் பதில்: அது அவன் ஓடிய தூரம் அல்ல என்பதுதானே பந்தயத்தின் விதி.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. டைம் ட்ரயலில் நல்ல நேரம் வேண்டுமென்றால் எங்கே போகவேண்டும் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வழவழப்பான, மேடுபள்ளமில்லாத, லாரிகள் நிறையப் போகும் இரட்டைப் பாதைச் சாலைக்கு. பக்கத்தில் கடந்துபோகும் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது சைக்கிள்காரனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. நெரிசல் அதிகமானால் நேரம் குறைகிறது. ஆக, மனித உடம்பின் தனித்த சக்தியை அளப்பதற்காக ஏற்பட்ட பந்தயத்தில் டீசலும் கலந்துகொள்கிறது. சான்றிதழில் அதன் பெயர் இருப்பதில்லை.

இதெல்லாம் தனிமனிதர்களின் சோம்பலால் விளைந்தது என்று நான் நினைக்கவில்லை. எண் என்பதன் மீதான மோகத்தால் விளைந்தது. 1930-ல் 'சைக்கிளிங்' பத்திரிகை ஒரு போட்டியை ஏற்படுத்தியது. 50 மைல், 100 மைல், 12 மணி நேரம் என்ற மூன்று பந்தயங்களிலும் ஒருவன் அந்த வருஷம் எட்டிய சராசரி வேகங்களைக் கூட்டி, நாட்டின் சிறந்த ஓட்டக்காரன் யார் என்று தீர்மானிப்பது. யோசித்துப் பார்த்தால் அபாரமான ஏற்பாடு. எல்லோரும் ஓரிடத்துக்கு வரவேண்டியதில்லை, ஒருவன் யார்க்ஷயரில் ஓடலாம், ஒருவன் எஸ்ஸெக்ஸில் ஓடலாம், கடிகாரம் பொது. தபாலில் சதுரங்கம் ஆடுவதுபோல. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடிவிட்டு நாடு முழுவதோடும் போட்டியிட இதைவிட நல்ல வடிவம் கிடையாது. நடந்ததோ வேறு. எங்கே ஓடினாலும் எண் ஒன்றுதான் என்றால், எண் குறைவாக வரும் பாதைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். வேகமான பாதைகளைத் தேடி ஆட்கள் நாடு முழுக்க அலைய ஆரம்பித்தார்கள். அலைச்சலை ஒழித்திருக்கக்கூடிய ஏற்பாடே அலைச்சலுக்குக் காரணமாயிற்று.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டார். கவிஞர். "உலகத்தில் எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை அனல்மின் நிலையம் எரிகிறது. நூறு பேர் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவதைப் பிடித்துக்கொண்டு ஏனய்யா உயிரை வாங்குகிறீர்?" என்றார். இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. டெரெக் பார்ஃபிட் 1984-ல் வெளியிட்ட நூலில் ஓர் உதாரணம் சொல்கிறார். ஆயிரம் கைதிகள், ஆயிரம் சித்திரவதைக்காரர்கள். ஒவ்வொருவனும் பொத்தானை அழுத்தும்போது ஒவ்வொரு கைதியின் வலியும் உணர முடியாத அளவுக்கு மட்டுமே கூடுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தியபின் வலி தாங்க முடியாதது. ஒவ்வொருவனும் தான் யாரையும் துன்புறுத்தவில்லை என்று சொல்லலாம். சொல்வது சரியா?

எனக்கு இதைவிடச் சமீபமான உதாரணம் ஒன்று இருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் ரொக்கத்தைச் சரிபார்க்கும்போது ஒரு ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தன் பையிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பார். மூத்தவர்கள் விடமாட்டார்கள். கஞ்சத்தனமோ கண்டிப்போ காரணமல்ல. ஒரு ரூபாய் வித்தியாசம் ஒரு ரூபாய்த் தவறாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. யாரோ ஒருவருக்கு 5,000 அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம், இன்னொருவருக்கு 4,999 குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு ஒரு ரூபாயாக வெளியே தெரிகின்றன. அதிகம் வாங்கியவர் சும்மா இருப்பார். குறைந்து வாங்கியவர், பெரும்பாலும் எண்ணத் தெரியாத கிழவி, வீட்டுக்குப் போய் அழுவாள்.

மரம் நட்டு ஈடுகட்டிவிடலாம் என்கிற இன்றைய பழக்கத்தின்மேல் எனக்குள்ள அவநம்பிக்கை இங்கிருந்து வருகிறது. பந்தயச் செயலாளர் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கன்று நடக் கொடுத்துவிட்டால் நிகர வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டிவிட முடியும். நிகரம் என்பது கணக்கை முடிப்பதற்கான சௌகரியம். நடந்தவற்றின் விவரம் அல்ல. புகை ஒருவன் மூக்கில் ஏறியது, மரம் வேறொருவன் நிலத்தில் வளரப்போகிறது. இவர்கள் இருவரும் ஒரே ஆள் என்று பேரேடு நினைத்துக்கொள்கிறது. சின்னத் தவறைத் தேட வேண்டியது அது சின்னது என்பதால் அல்ல. அதன் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. நூறு பேரின் ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் பூமியை அழித்துவிடாது. ஆனால் நேசம் என்று நாம் பெயரிட்டிருக்கும் ஒன்று எப்படிச் செலவு செய்கிறது என்பதை அவை காட்டுகின்றன. அது தெரியாமல் விமானத்தைப் பற்றியும் பேச முடியாது.

விதி போட்டால் சரியாகிவிடுமா? 2021 ஏப்ரலில் உலக சைக்கிள் சம்மேளனம், குறித்த இடங்களில் தவிரச் சாலையில் எதையும் எறியக் கூடாது என்ற விதியைக் கடுமையாக்கியது. சில நாட்களுக்குள், ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் மைக்கேல் ஷேர் என்ற ஸ்விஸ் ஓட்டக்காரர் காலித் தண்ணீர் பாட்டிலை ரசிகர்கள் பக்கம் எறிந்தார் என்று வெளியேற்றப்பட்டார். அவர் தொழில்முறை ஓட்டக்காரர்தான். ஆனால் அமெச்சூர்கள் தொழில்முறைக்காரர்களைப் பார்த்தே எதையும் செய்கிறார்கள். வெளியேற்றப்பட்டபின் ஷேர் ஒரு கடிதம் எழுதினார். 1997-ல் சிறுவனாக டூர் டி ஃப்ரான்ஸ் பார்க்கப் போனபோது ஓர் ஓட்டக்காரரிடமிருந்து தனக்கு ஒரு பாட்டில் கிடைத்தது, தான் சைக்கிளுக்கு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பது சாரம். அதே மாதத்தில் தண்டனையைத் தளர்த்தினார்கள்.

இது உணர்ச்சிகரமான கதை என்று தள்ளிவிடலாம். எனக்கு அதில் ஒரு தத்துவச் சிக்கல் தெரிகிறது. ஒரே பாட்டில், ஒரே கை வீச்சு; புதரில் விழுந்தால் குப்பை, பையன் கையில் விழுந்தால் தானம். குப்பை என்பது பொருளின் குணமல்ல, எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமை. விதிக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. படவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அதனால் விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. விதியால் சாலையைச் சுத்தமாக வைக்க முடியும். சாலையோடு ஓட்டக்காரனுக்குள்ள உறவை உண்டாக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

உறவே வேண்டாம், சுத்தம் மட்டும் போதும் என்றால் அதற்கும் இன்று வழி இருக்கிறது. அறைக்குள் ஒரு தாங்கியில் சைக்கிளைப் பூட்டி, திரையில் ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டு, வேறு கண்டத்தில் தன் அறையில் மிதிக்கும் ஒருவனோடு போட்டியிடலாம். 2020 டிசம்பரில் இதற்கு உலகப் பட்டப் போட்டியே நடந்தது. காரும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். எண் மட்டும் துல்லியமாக வந்துவிடும். ஆல்ஃப்ரெட் ஜாரி 1902-லேயே இதைப் பார்த்துவிட்டார் என்று தோன்றுகிறது. அவருடைய 'லெ சுர்மால்' நாவலில் ஐந்து பேர் மிதிக்கும் ஒரு சைக்கிள், ரயிலோடு பத்தாயிரம் மைல் பந்தயம் ஓடுகிறது. அவர்களுக்கு உணவு நிரந்தர இயக்கத்தைத் தரும் ஒரு ரசாயனப் பண்டம். நடுவில் ஒருவன் செத்துப்போகிறான். ஆனாலும் மிதிப்பது நிற்பதில்லை. ஜாரி சைக்கிளைப் பைத்தியமாக நேசித்தவர், கடனுக்கு வாங்கிய சைக்கிளுக்குக் கடைசிவரை பணம் கட்டாதவர். அவர் கேலி செய்தது சைக்கிளை அல்ல. மிதிப்பவன் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய மிதிப்பைத்தான். சூழலுக்குக் கேடே செய்யாத பந்தயம் சூழலே இல்லாத பந்தயமாக முடிகிறது என்றால், நாம் காப்பாற்றக் கிளம்பியது எதை?

இங்கேதான் பிரச்னையை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. சூழல் என்பது பந்தயம் சேதப்படுத்தக்கூடிய ஒரு வெளிப்பொருள், அதற்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எதிர்காற்று, ஏற்றம், மழை, சாலையோர வேலி, பெயரில்லாத திருப்பம், இவையில்லாமல் சைக்கிள் பந்தயம் என்று ஒன்று கிடையாது. காரில் வருகிறவன் செய்கிற தவறு புகை விடுவது மட்டுமல்ல. தான் எதில் ஓடப்போகிறானோ அதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வருகிறான். சக்கரத்தைக் கட்டிக்கொண்டு போன பழைய ஆள் எதையும் தியாகம் செய்யவில்லை, அவன் பந்தயம் இன்னும் நீளமானது.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஐம்பது மைல் தள்ளி நடக்கும் பந்தயத்துக்குச் சைக்கிளில் போ என்றால், யார் போக முடியும்? சனிக்கிழமை லீவு கிடைப்பவன், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பவன், இளைஞன். மூன்று ஷிப்டில் வேலை பார்ப்பவளுக்குக் காரோடு சேர்த்துத்தான் பந்தயம் சாத்தியம். அவளை வெளியே நிறுத்தினால் 1879-ன் ஹென்லி விதியையே வேறு பாஷையில் எழுதியதாகும். இந்த வாதத்தை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் இதை ஆளுக்கு விதிக்கும் விரதமாக்க எனக்குச் சம்மதமில்லை. பறக்காமல் வந்தவர்களுக்குத் தனிப் பட்டியல், காரில்லாமல் வந்தவர்களுக்குத் தனிக் கோப்பை என்றெல்லாம் ஆரம்பித்தால் சுத்தமும் ஓர் எண்ணாகிவிடும், அதற்கும் வேகமான பாதை தேடி அலைவார்கள். பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. 1891-ல் பந்தயமாகத் தொடங்கி இன்று அமெச்சூர்களுக்கானது. 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், வழியில் கார் பின்தொடர்ந்து உதவக் கூடாது. தன் கையே தனக்குதவி என்பதற்கு இதைவிடக் கறாரான விதி இல்லை. அதில் ஓட உலகெங்கிலுமிருந்து, இந்தியாவிலிருந்தும், ஆட்கள் விமானத்தில் போய் இறங்குகிறார்கள்.

மாற வேண்டியது பந்தயத்தின் அளவும் இருப்பிடமும்தான். பெரிய பந்தயம் ஒன்றுக்குப் பதில் சிறியவை பல. நடக்கிற தூரத்தில் ஒன்று இருந்தால் ஷிப்டு வேலைக்காரியும் வருவாள், காரும் தேவைப்படாது. நாட்டில் தான் எத்தனையாவது என்று தெரியாமல், தன் ஊர் ஏற்றத்தில் தான் எத்தனையாவது என்று மட்டும் தெரிந்துகொண்டு திருப்தியடைய வேண்டும். இது எளிதல்ல. எண்ணைக் கைவிடுவதைவிடக் காரைக் கைவிடுவது சுலபம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் எண்ணில்லாத போட்டிகள் இருந்திருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்றவர்களும் உண்டு. போட்டிகளும் நடத்தினார்கள். அந்தப் போட்டிகளில் யார் எத்தனை நிமிஷத்தில் வந்தாள் என்பதை யாரும் இன்று ஞாபகம் வைத்திருக்கவில்லை. அதுவரை தன்னுடையதாக இல்லாத சாலையில் ஒருத்தி, எல்லோரும் பார்க்க, போனாள். பந்தயத்துக்குப் போகும் வழியும் பந்தயமும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பெண்களை உதாரண புருஷர்களாக்கி ஐரோப்பிய அமெச்சூருக்குப் பாடம் சொல்வது என் நோக்கமல்ல. அவர்களுக்குச் சாலை தேவைப்பட்டது, அவனுக்கு நேரம் தேவைப்படுகிறது, தேவைகள் வேறு. கார் வாங்க வசதி வந்தால் அவர்களும் வாங்குவார்கள், வாங்கியிருக்கிறார்கள். எனக்குப் புரியாமல் இருப்பது இதுதான்: வசதி இல்லாதபோது தானாகவே முழுமையாக இருந்த ஓர் அனுபவத்தை, வசதி வந்தபின், தெரிந்தே, தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள மனிதனால் முடியுமா? நேசிப்பவன் என்ற சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் இருக்குமானால் முடிய வேண்டும்.